சீட்டும் சித்தமும்

டிசம்பர்த் திங்கள் 31ஆம் நாள், நள்ளிரவு. ஓர் ஆண்டு விடைபெற்றுச் செல்கிறது. மற்றோர் ஆண்டு வாயிற்படியில் வந்து நிற்கிறது. கோயில் மணி முழங்குகிறது. புத்தாடை உடுத்தி, உறங்கும் மழலைகளைத் தோளிலே சாய்த்து, பனிக்கு முக்காடிட்டு வந்திருக்கும் கிறித்தவ மக்கள், வழிபாடு முடிந்ததும் வரிசையிலே நிற்கின்றனர். தட்டிலே அட்டைகள் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கின்றன. அட்டைக்கு ஒரு வசனம். கண்ணை மூடுகின்றனர், கையை நீட்டுகின்றனர், ஒன்றை எடுக்கின்றனர். வாக்குத்தத்த அட்டை என்று அதற்குப் பெயர். தமிழகத்துச் சபைகள் பலவற்றில் இது ஆண்டுதோறும் காணும் காட்சி.

இதிலே ஏளனம் செய்ய என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை. கடன்பட்டவன் அதிலே தெம்பு தேடுகிறான். நோயுற்றவள் நம்பிக்கை தேடுகிறாள். வேலையற்ற இளைஞன் விடியலைத் தேடுகிறான். அலமாரிக் கண்ணாடியிலே செருகி வைக்கப்படும் அவ்வட்டை ஆண்டு முழுதும் ஒரு வீட்டுக்கு ஆறுதல் கூறுமானால், அதைப் பறிக்க நாம் யார்? ஆறுதலாக இருக்கும்வரை அட்டை அட்டையாகவே இருக்கிறது. ஆணையாக அது மாறும்போதுதான் சிக்கல் பிறக்கிறது.

அச்சிக்கலை நேரிலே கண்டேன். நெல்லைச் சீமையைச் சேர்ந்த நண்பர் ஒருவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், நேர்மையாளர், நாள்தோறும் விடியற்காலையில் மண்டியிட்டு வேண்டுபவர். நான் அவர் செல்லும் கோயிலுக்குச் செல்பவன் அல்லன். எனினும் நாற்பதாண்டு நட்பு எங்களுடையது. அவருடைய மகள் கல்லூரி ஆசிரியை. உடன் பணியாற்றும் இளைஞர் ஒருவரை மணக்க விரும்புவதாகத் தந்தையிடம் அப்பெண் கூறினாள். ஒரே மறை, ஒரே சபை, ஒரே பாட்டுப் புத்தகம். வேறுபாடு ஒன்றே ஒன்று. அது என்ன என்று தமிழ் படிக்கத் தெரிந்தவர்க்கு நான் சொல்லத் தேவையில்லை; சாதி.

நண்பர் சீறவில்லை; சினக்கவில்லை. "ஜெபித்துச் சொல்கிறேன், அம்மா" என்றார். மூன்று வாரம் வேண்டினார். ஆண்டிறுதி நள்ளிரவில் அட்டை எடுத்தார். பழைய பாதைகள் எவையென்று கேட்டறிந்து அவற்றிலே நடக்குமாறு கூறும் எரேமியாவின் வாக்கு அதிலே இருந்தது. "கர்த்தர் பேசிவிட்டார், முன்னோர் வழியை மீறக் கூடாது" என்று மகளிடம் கூறினார். மகள் மறுமொழி கூறவில்லை. உண்ணும் நேரம் தவிர அறையைவிட்டு வெளிவருவதும் இல்லை. அந்த மௌனம் தாங்காமல்தான் அவர் என் வீட்டுக்கு வந்தார்.

"நான் செய்தது சரிதானே? என் விருப்பத்தையா செய்தேன்? அவர் சித்தத்தை அன்றோ கேட்டேன்?" என்றார்.

அவ்வினாவுக்கு உடனே விடை கூற என்னால் இயலவில்லை. அவர் பொய்யர் அல்லர் என்பதை அறிவேன். பொய்யராக இருந்தால் விடை எளிது. உண்மையாகவே வேண்டி, உண்மையாகவே காத்திருந்து, உண்மையாகவே ஒரு விடை கிடைத்தது என நம்பும் மனிதர், தாம் கேட்டது கடவுளின் குரலா, தம் குலத்தின் குரலா என்பதை எவ்வாறு பிரித்தறிவது? கிறித்தவ உலகம் இருபது நூற்றாண்டுகளாகத் தன்னைத்தானே கேட்டுக்கொண்டு வரும் வினா இது.

முதலிலே ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். அடையாளம் கேட்பது வேறு; அறிவு கேட்பது வேறு. திருமறையிலே இரண்டும் உள்ளன. கிதியோன் ஆட்டுத் தோலைக் களத்திலே விரித்து, பனி தோலில் மட்டும் விழட்டும் என்றான். மறுநாள் தரையில் மட்டும் விழட்டும் என்றான். அது அடையாளம் கேட்டல். சாலமோன் அரசனோ கிபியோனிலே கண்ட கனவில் நீண்ட ஆயுளைக் கேட்கவில்லை, பகைவரின் அழிவைக் கேட்கவில்லை; நன்மை தீமையைப் பகுத்துணரும் உள்ளத்தைக் கேட்டான். அது அறிவு கேட்டல். அடையாளம் வந்துவிட்டால் எண்ணும் வேலை முடிந்துவிடும். அறிவு வந்தாலோ, எண்ணும் வேலை அங்கேதான் தொடங்கும்.

அவ்வாறு பெற்ற அறிவைச் சாலமோன் முதன்முதலாக எங்கே பயன்படுத்தினான்? ஒரு குழந்தைக்கு இரு தாயர் உரிமை கொண்டாடிய வழக்கிலே. வானத்தைப் பார்த்தானா? சீட்டுப் போட்டானா? இல்லை. குழந்தையை வெட்டிப் பங்கிடுங்கள் என்றான். எவள் தன் உரிமையை இழக்கவும் துணிந்தாள் என்று பார்த்தான். தான் இழந்தாலும் பிள்ளை வாழட்டும் என்றவளே தாய் என்று தீர்த்தான். இழப்பு யாருடையது என்று பார்த்ததிலே பிறந்தது அத்தீர்ப்பு. இதை நினைவில் வைத்திருங்கள், பின்னர் தேவைப்படும்.

சீட்டு எடுப்பதே தவறு என்று நான் கூறவில்லை. பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, குடவோலை முறையை விரிவாகப் பொறித்து வைத்திருக்கிறது. ஓலையிலே பெயரெழுதிக் குடத்திலே இட்டு, ஒரு சிறுவனைக்கொண்டு எடுக்கச் செய்தனர். ஆனால் குடத்திலே இடுவதற்கு முன்னரே தகுதிகளும் தகுதிக் குறைவுகளும் ஆராயப்பட்டன. கணக்குக் காட்டாதவன் பெயர் குடத்துக்குள் செல்லாது. யூதாசின் இடத்துக்கு மத்தியாவைத் தேர்ந்தபோது திருத்தூதர்கள் செய்ததும் ஏறத்தாழ அதுவே. தகுதியுடைய இருவரை ஆய்ந்து நிறுத்தினர். அதன் பிறகே சீட்டு. எண்ணிப் பார்க்க வேண்டியதை எண்ணிப் பார்த்து, இருவரும் ஒப்பர் என்று கண்ட பின்னர், ஒருதலைச் சார்பு நுழையாதிருக்கச் சீட்டெடுப்பது நேர்மை. எண்ணிப் பார்க்க அஞ்சிச் சீட்டெடுப்பது நேர்மை ஆகுமா?

பதினெட்டாம் நூற்றாண்டிலே செருமனியின் ஹெர்ன்ஹூட் என்னும் சிற்றூரில் மொரேவியச் சகோதரர்கள் ஒரு சபையாக வாழ்ந்தனர். மதக் கொடுமைக்குத் தப்பி வந்த அவர்களுக்குச் சின்சென்டார்ஃப் பிரபு தம் நிலத்திலே இடமளித்தார். பணிக்கு ஆள் அனுப்புவது முதல் திருமணம்வரை அவர்கள் சீட்டெடுத்து முடிவு செய்தனர். திருமணத்துக்குச் சீட்டு என்னும் கட்டு 1818ஆம் ஆண்டுச் சபைப் பேரவைக்குப் பிறகே தளர்ந்தது. இவர்கள் நமக்கு அயலாரும் அல்லர். 1760இல் தரங்கம்பாடிக்கு வந்து, பொறையாற்றின் அருகே தோட்டம் அமைத்து, நாற்பதாண்டுக்கும் மேலாக அங்கே வாழ்ந்தவர்கள். கடின உழைப்பாளிகள்; எளியவர்கள். அவர்களைப் பார்த்து வியந்து, அவர்களுடைய சீட்டு முறையையும் கைக்கொண்ட ஒருவர்தாம் பின்னாளில் மெதடிஸ்டு இயக்கத்தைத் தோற்றுவித்த ஜான் வெஸ்லி.

வெஸ்லியின் கதை சுவையானது, துயரமானதும்கூட. அமெரிக்காவின் ஜார்ஜியாவிலே இளம் போதகராக இருந்தபோது, சோஃபி ஹாப்கி என்னும் பதினெட்டு வயதுப் பெண்மீது அவருக்குக் காதல் உண்டாயிற்று. மணப்பதா, துறவியைப்போல் வாழ்வதா என்று தவித்தார். 1737 மார்ச்சுத் திங்களிலே மூன்று சீட்டுகள் எழுதினார். மணந்துகொள் என்பது ஒன்று. இவ்வாண்டு அதை நினையாதே என்பது ஒன்று. இனி அதை நினைக்கவே நினையாதே என்பது ஒன்று. நண்பர் டெலமாட் எடுத்தார். மூன்றாவது வந்தது. கடவுளின் விடை என்று வெஸ்லி தலைவணங்கினார்.

தலைவணங்கியவர் உள்ளமும் வணங்கியதா? அதுதான் இல்லை. சில நாள்களிலேயே சோஃபி வேறொருவரை மணந்தாள். ஆகஸ்டிலே, நற்கருணைப் பந்திக்கு வந்த அப்பெண்ணுக்கு வெஸ்லி அதை மறுத்தார். சபை விதிகளைக் காரணம் காட்டினார். ஊரார் வேறு காரணம் கண்டனர். கணவர் வழக்குத் தொடுத்தார், குற்றச்சாட்டுகள் குவிந்தன, ஆண்டு முடிவதற்குள் வெஸ்லி ஜார்ஜியாவை விட்டே வெளியேறினார். சீட்டு அவருடைய கேள்வியை முடித்து வைத்தது. அவருடைய ஆசையை முடித்து வைக்கவில்லை. ஆராயப்படாத ஆசை விதியின் உடையை உடுத்துக்கொண்டு வெளியே வந்தது. மேலும் ஒன்று பாருங்கள். சீட்டு மூன்றிலும் சோஃபியின் விருப்பம் எழுதப்படவில்லை. வெஸ்லியின் வாழ்வு போலவே அவளுடைய வாழ்வும் அந்தக் காகிதத் துண்டிலே தொங்கியது. ஆயினும் அவளிடம் யாரும் கேட்கவில்லை.

"1739இல் அவர் பிரிஸ்டலுக்குப் போனதும் சீட்டெடுத்துத்தானே? அங்கேதானே வெட்டவெளியில் நிலக்கரித் தொழிலாளருக்கு உரையாற்றும் பெரும்பணி தொடங்கிற்று?" என்று கேட்கக்கூடும். உண்மைதான். கண்ணை மூடி எறிந்த கல்லும் சில நேரம் கனியை வீழ்த்தும். அதனால் கண்மூடுதல் குறிபார்த்தல் ஆகிவிடாது.

இனி, கழுதையின் கதைக்கு வருவோம். ஸ்பெயின் நாட்டுப் போர்வீரர் லொயோலா இஞ்ஞாசியார், 1521இல் பம்பலோனாக் கோட்டைப் போரிலே பீரங்கிக் குண்டு பட்டுக் கால் முறிந்து படுத்தார். பொழுது போக்க வீரக் கதைகள் கேட்டார். வீட்டிலே அவை இல்லை. கிறித்துவின் வரலாறும் புனிதர் வரலாறுமே இருந்தன. படித்தார், மனம் மாறினார். மறு ஆண்டு மொன்செராத் மலைக்குச் செல்லும் வழியில் மூர் இனத்து இசுலாமியர் ஒருவர் உடன் வந்தார். பேச்சு மரியன்னையைப் பற்றித் திரும்பியது. மூர் கூறியது இஞ்ஞாசியாருக்குச் சினமூட்டியது. அவர் விரைந்து முன்னே சென்றுவிட்டார். துரத்திச் சென்று குத்திக் கொல்வதா, விட்டுவிடுவதா? புதிதாகப் பக்தராகிய போர்வீரருக்கு விளங்கவில்லை. எது கடவுளுக்கு உகந்தது என்று முடிவு செய்ய இயலாமல், தாம் ஏறிவந்த கோவேறு கழுதையின் கடிவாளத்தைத் தளர்த்திவிட்டார். மூர் சென்ற ஊர்ப்பாதையில் அது திரும்பினால் கொலை. நெடுஞ்சாலையிலே சென்றால் விடுதலை. ஊர்ப்பாதை அகலமானது, நல்லது. எனினும் கழுதை நெடுஞ்சாலையிலே சென்றது.

ஓர் உயிர் தப்பியது கழுதையால்! இதைப் பகைவர் யாரும் புனைந்து கூறவில்லை. முதுமையிலே இஞ்ஞாசியாரே தம் சீடரிடம் சொல்லி எழுதச் செய்தார். தாம் அறியாமையில் உழன்ற காலத்தை மறைக்காமல் கூறிய அந்த நேர்மைக்காகவே அவரை நான் மதிக்கிறேன்.

கழுதையிடம் வழி கேட்டவர், பின்னர் மனித குலத்துக்கு எத்தகைய வழி கூறினார் என்று பாருங்கள். 1548இல் அச்சான 'ஆன்மிகப் பயிற்சிகள்' என்னும் அவருடைய நூலிலே, வாழ்க்கையில் தேர்வு செய்வது எவ்வாறு என்று ஒரு பகுதி உண்டு. முதல் விதியே நம் நண்பரின் வழக்கைத் தீர்த்துவிடுகிறது. தேர்வுக்கு எடுத்துக்கொள்ளும் பொருள், தன்னளவிலே நல்லதாகவோ, குற்றமற்றதாகவோ இருத்தல் வேண்டும் என்கிறார். அதாவது, தீயதைச் செய்யலாமா என்று கடவுளிடம் கேட்டு வேண்டுவதற்கே இடமில்லை. மூரைக் கொல்லலாமா என்பது வேண்டுதலுக்குரிய வினாவே அன்று. கழுதையின் கழுத்திலே கடிவாளத்தைத் தளர்த்தியபோதே அவர் தவறிவிட்டார். அதை அவர் பின்னர் கற்றுக்கொண்டார்.

அடுத்து, துலாக்கோலின் நடுமுள் போல் எப்பக்கமும் சாயாமல் நில் என்கிறார். சான்றோர்க்குத் துலாக்கோலை உவமை கூறியவர் நம் வள்ளுவர். இரண்டாயிரம் கல் தொலைவிலல்ல, அதற்கும் அப்பால் வாழ்ந்த ஒரு ஸ்பானியரும் அதே கோலைக் கையில் எடுக்கிறார். பலர் முதலிலே தாம் விரும்பியதை முடிவு செய்துகொண்டு, பின்பு அதிலே கடவுளுக்குத் தொண்டு செய்யலாம் என எண்ணுகின்றனர். தாம் கடவுளிடம் செல்லாமல், கடவுள் தம் ஆசையிடம் வரவேண்டும் என எதிர்பார்க்கின்றனர் என்று கடிந்துரைக்கிறார். கோணலான தேர்வைக் கடவுளின் அழைப்பு என்று பெயர் சூட்டுவோரையும் விடவில்லை. நானூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட எழுத்து. நேற்று நம் ஊர்த் திருமணப் பேச்சைக் கேட்டுவிட்டு எழுதியது போலிருக்கிறது!

கோல் சாயாமல் நின்ற பிறகும் தெளிவு பிறக்கவில்லையா? அமைதியான நேரத்தில் அறிவைப் பயன்படுத்து என்கிறார். இரு பக்கத்து நன்மையையும் தீமையையும் எண்ணிப் பார். முன்பின் அறியாத ஒருவர் இதே சிக்கலோடு உன்னிடம் வந்தால் அவருக்கு என்ன அறிவுரை கூறுவாயோ, அதையே நீ செய். சாகும் வேளையிலே, எதைச் செய்திருக்கலாம் என்று நினைப்பாயோ, அதை இன்றே செய். இவற்றை ஊருக்கு உபதேசமாக மட்டும் அவர் கூறவில்லை. 1544இல், தம் துறவியர் கோயில்கள் நிலையான வருவாய் வைத்துக்கொள்ளலாமா என்னும் வினா எழுந்தபோது, வேண்டும் என்பதற்கும் வேண்டாம் என்பதற்கும் காரணங்களைத் தாளிலே எழுதி நிறுத்து, நாற்பது நாள் ஆராய்ந்தார். அத்தாள் இன்றும் இருக்கிறது.

1539இல் அவரும் தோழர்களும் ரோமிலே கூடி, தமக்குள் ஒருவரைத் தலைவராக ஏற்றுக் கீழ்ப்படிவதா என்று முடிவு செய்த முறை இன்னும் சுவையானது. ஒரு நாள் முழுதும் எல்லோரும் எதிரான காரணங்களையே கூற வேண்டும். மறுநாள் எல்லோரும் சார்பான காரணங்களையே கூற வேண்டும். ஒருவர் மற்றவரைத் தனியே அழைத்துப் பேசி மனத்தை மாற்றவும் கூடாது. சட்டமன்றங்களுக்கு இவ்விதி வந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று தோன்றுகிறது. அது வேறு கதை.

"அறிவாலேயே எல்லாம் முடியுமானால் கடவுள் எதற்கு?" என்று நம்பிக்கையாளர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அறிவை ஏற்போரும் ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்: அறிவு கூலிக்கு வாதாடும் வழக்கறிஞனும் ஆகும். ஆசை எதைக் கேட்கிறதோ, அதற்குச் சட்டநூலிலே பிரிவு தேடிக் கொடுக்கும். ஆதலால் கோலை நேரே நிறுத்தும் வேலை முதலிலே வேண்டியிருக்கிறது. அந்த நேர்மையை நம்பிக்கையாளர் மண்டியிட்டுத் தேடுகிறார். மற்றவர் வேறு வழியிலே தேடுகிறார். வேண்டுதல் என்பது வருங்காலச் செய்தியை முன்கூட்டிக் கேட்டறியும் தந்தியன்று. கேட்பவரின் கோணலை நிமிர்த்தும் பயிற்சி. நிமிராதவர் எத்தனை மணி நேரம் மண்டியிட்டால் என்ன?

தமிழகத்திலே இதற்குச் சான்று வேண்டுமா? 1833இல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன், திருச்சபைக்குள் சாதி வேறுபாடு கூடாது, அது உடனே ஒழிய வேண்டும் என்று தென்னாட்டுச் சபைகளுக்கு ஆணை அனுப்பினார். தஞ்சையிலும் சென்னையிலும் உயர்சாதி எனத் தம்மைக் கருதிய கிறித்தவர் பலர் எதிர்த்தனர், சபையைவிட்டே விலகினர். அவர்கள் வேண்டுதல் அறியாதவர்களா? வசனம் படியாதவர்களா? இரண்டிலும் குறைவற்றவர்கள். ஆயினும் ஒரே பந்தியில் ஒரே கிண்ணத்தில் பருகுவது கடவுளின் சித்தம் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. இன்றும் திருமண விளம்பரப் பத்தியைப் பாருங்கள். ஞானத்தீட்சைக்குப் பின்னாலும் சாதிப் பெயர் சாகாமல் நிற்கிறது. "ஜெபித்துச் சொல்கிறோம்" என்று கூறும் வீடுகள் எத்தனை! அவ்வளவு வீட்டு வேண்டுதலுக்கும் கிடைக்கும் விடை, வியக்கத்தக்க முறையில், சாதியின் வேலிக்குள்ளேயே நின்றுவிடுகிறது. எல்லையற்றவர் என்று போற்றப்படும் இறைவன், இதிலே மட்டும் தெரு எல்லையைத் தாண்டுவதில்லை.

நேர்மையாக வேண்டியவர்க்கு எல்லாம் தெளிவாகத் தெரிந்துவிடும் என்பதும் இல்லை. ரோமிலே அந்த முறையை வகுத்தவர்களில் ஒருவரான சவேரியார், முத்துக்குளித்துறை மீனவரிடையே பணியாற்றிய பின்னர், 1545இல் மயிலாப்பூருக்கு வந்து நான்கு திங்கள் அளவு தங்கினார். மலாக்கா வழியாக மக்காசர் தீவுக்குச் செல்வதா என்று தோமையார் கல்லறைக் கோயிலிலே வேண்டினார். செல்வதே இறைவன் சித்தம் என்னும் உறுதி பிறந்தது. கப்பல் கிடைக்காவிட்டால் கட்டுமரத்திலேனும் செல்வேன் என்று எழுதும் அளவு உறுதி! மலாக்காவுக்குச் சென்றார். ஆனால் மக்காசருக்கு அவர் செல்லவே இல்லை. காத்திருந்தும் நற்செய்தி வராமையால் அம்போயினாவுக்குக் கப்பலேறினார். உறுதி பொய்யா? பொய் என்று நான் கூறமாட்டேன். புறப்படும் துணிவை அது தந்தது. போய்ச் சேரும் இடத்தை அது காட்டவில்லை. 1549இல் சப்பானுக்குச் சென்ற சீனக் கப்பலிலே மாலுமிகள் தம் தெய்வத்தின் முன்னே சீட்டுப் போட்டுக் காற்றின் போக்கைக் கேட்டதைக் கண்டு அவர் மிக வருந்தினார் என்பதும் இங்கே நினைக்கத் தக்கது.

இவ்வளவும் கூறிய பின்னர் நண்பர் கேட்டார்: "அட்டையிலே வசனம் பார்த்து முடிவெடுத்த பெரியவர் ஒருவருமே இல்லையா?"

இருக்கிறார், அல்லது, இருப்பது போலத் தோன்றுகிறார். டீட்ரிக் போன்ஹோஃபர் என்னும் செருமானியப் போதகர். இட்லரின் ஆட்சியை எதிர்த்தவர். 1939 ஜூனிலே அமெரிக்க நண்பர்கள் அவரை நியூயார்க்குக்கு அழைத்துக்கொண்டனர். போர் நெருங்குகிறது, படைக்கு அழைப்பு வந்தால் அவர் மறுப்பார், மறுத்தால் மரணம். எனவே இறையியற் கல்லூரியிலே தங்கட்டும், பணி தருவோம் என்றனர். பாதுகாப்பான அறை, நூலகம், நண்பர்கள், எல்லாம் இருந்தன. உறக்கம் இல்லை. ஜூன் 20ஆம் நாள், அமெரிக்கப் பணி வேண்டாம் என்று கூறிவிட்டார். தம் காரணங்கள் தமக்கே முழுதாக விளங்கவில்லை என்று நாட்குறிப்பிலே எழுதினார். ஹெர்ன்ஹூட் சகோதரர்கள் 1731 முதல் அச்சிட்டு வரும் நாள்வசன நூலை நாள்தோறும் படிப்பது அவர் வழக்கம். 26ஆம் நாளுக்குரிய வசனம், குளிர்காலத்துக்கு முன் வந்துவிட முயலுமாறு பவுல் தீமோத்தேயுவை அழைத்த வரி. அது தம்மையே அழைப்பதாக உணர்ந்தார். அவ்வாறு பொருத்திக்கொள்வது தவறாகாது என்றும் எழுதிக்கொண்டார். ஒரு திங்கள்கூட முழுதாகத் தங்காமல் தாயகம் திரும்பினார். செப்டம்பர் 1இல் போர் வெடித்தது. 1943இல் சிறைப்பட்டார், 1945 ஏப்ரல் 9இல் ஃப்ளாசன்பர்க் முகாமில் தூக்கிலிடப்பட்டார்.

நாள்களைக் கவனியுங்கள். முடிவு 20ஆம் நாள். வசனம் 26ஆம் நாள். வசனம் முடிவைச் செய்யவில்லை. செய்த முடிவிலே நடுங்கும் காலுக்கு வலுவூட்டியது. கடவுள் சொன்னார், நான் செய்தேன் என்று அவர் தப்பித்துக்கொள்ளவும் இல்லை. நாட்டு மக்களின் துன்பத்திலே பங்குபெறாமல், போருக்குப் பின் அவர்களுடைய மறுவாழ்விலே பங்குபெறும் உரிமை தமக்கில்லை என்பதே நண்பர் நீபரிடம் அவர் கூறிய காரணம். தவறாக இருந்தால் அத்தவறும் தம்முடையதே என்னும் தெளிவோடுதான் சென்றார்.

அதே நாட்டிலே, அதே திருமறையைப் படித்த 'செருமானியக் கிறித்தவர்' என்னும் கட்சியார், இட்லரின் எழுச்சியே இறைவனின் சித்தம் என்றனர். 1933இல் தம்மவரான லூட்விக் முல்லரைப் பேராயராக்கினர். யூத இனத்திலே பிறந்த போதகர்களுக்குச் சபையிலே இடமில்லை என்றனர். அவர்களும் வேண்டியவர்களே, அவர்களுக்கும் உள்ளத்திலே உறுதி பிறந்திருக்கும். எனில் வேறுபாடு எங்கே? போன்ஹோஃபரின் விடைக்கு விலை கொடுத்தவர் போன்ஹோஃபர். அவர்களுடைய விடைக்கு விலை கொடுத்தவர் அடுத்த வீட்டு யூதர். சாலமோன் பார்த்த இடம் அதுவே.

விலை கொடுப்பவர் எப்போதும் சரியாகவே இருப்பார் என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடக் கூடாது. துன்பத்தைத் தேடி ஓடும் பித்தும் உண்டு. அமெரிக்க நண்பர்கள் அவரைத் தங்கச் சொன்னதிலும் அன்பும் அறிவும் இருந்தன. ஆனால் நம் வசதிக்கும் கடவுளின் விடைக்கும் இம்மியும் வேறுபாடு இல்லாமல் இருந்து, விலை மட்டும் பிறர் கணக்கில் எழுதப்படும்போது, ஒருமுறைக்கு இருமுறை அந்த விடையைத் தட்டிப் பார்க்க வேண்டாமா?

நண்பர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர் சட்டைப் பையிலிருந்து அந்த அட்டையை எடுத்தார். என் அலமாரியிலே ஒரு விவிலியம் உண்டு, பழைய மொழிபெயர்ப்பு. "எரேமியா ஆறாம் அதிகாரம் முழுவதையும் படியுங்கள்" என்று கொடுத்தேன். கண்ணாடியைத் துடைத்து அணிந்து, பள்ளியிலே படிப்பது போலக் குரலெடுத்துப் படித்தார். ஒடுக்குமுறை நிறைந்த நகரம் என்று எருசலேமைச் சாடுகிறது அவ்வதிகாரம். சிறியவர் முதல் பெரியவர்வரை பொருளாசை பிடித்தவர் என்கிறது. தீர்க்கதரிசியும் குருவும் பொய்யர் என்கிறது. காயத்தின் மேற்பூச்சாக அமைதி, அமைதி என்று கூறுவோரை இடித்துரைக்கிறது. அவர்களிடம்தான் பழைய பாதைகளைக் கேட்டறியுமாறு இறைவன் கூறுகிறான். எது அப்பழைய பாதை? குலம் காக்கும் பாதை என்று அங்கே எங்கும் எழுதப்படவில்லை.

அவர் நூலை மூடினார். "அட்டையிலே ஒரு வரிதான் இருந்தது" என்றார் மெல்ல.

"மணந்துகொள்ளட்டும் என்னும் பொருளில் வேறொரு வரி வந்திருந்தால் ஏற்றிருப்பீர்களா?" என்று கேட்டேன்.

விடை வரவில்லை. முப்பத்தைந்தாண்டு மாணவர்களிடம் உண்மை பேசுமாறு கற்பித்த மனிதர். பொய் சொல்ல வாய் வரவில்லை.

வாயிலுக்கு வந்து செருப்பை மாட்டிக்கொண்டே, "அந்த மூன்று வாரமும் நான் ஜெபித்தேன்" என்றார்.

"மகளும் ஜெபித்திருப்பாள் அன்றோ? அவளுக்கு என்ன விடை கிடைத்தது என்று கேட்டீர்களா?"

அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். அட்டை இன்னும் அவர் கையிலேயே இருந்தது. அதைப் பையிலே வைத்தார். கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று கேட்டார். காலை வரை தங்கிச் செல்லலாமே என்றேன். இல்லை, இன்றிரவே போகவேண்டும் என்று கூறிவிட்டு, தெருவிளக்கின் கீழே விரைந்து நடந்தார்.